பலூனை எடுத்துவிட்டு விளக்கை வை

அந்த அக்கா கைப்பேசியைத் தூக்கினால் கோலசிலாங்கூரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேர் சட்டைக் காலரைச் சரி செய்துகொள்வார்கள். எப்படியும் ஒருநாள் அவள் கைக்குத்தான் போயாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தியில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரே போய் நின்று, "அங்கிள், ஒரு தடவ நிமிர்ந்து பாருங்க," என்றாள். பரிமாறிக்கொண்டிருந்த அவருடைய மருமகள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"எங்க மாமாவுக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்காரு. நீங்க போங்க லா," என்று கைப்பேசியைக் கையால் மறைத்தாள்.

அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "நல்லா இருக்கும்போதுதான் எடுக்கணும். பிறகு எடுத்தா கண்ணு உள்ள போயிருக்கும். நான்தான் கஷ்டப்பட்டு மேல கொண்டு வரணும்," என்றாள். பெரியவர் அப்பளத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போஸ்டர் அக்கா என்றால் போதும். பிறந்தநாள், காதணி விழா, புதுமனை புகுவிழா, கோயில் திருவிழா, கடைசியில் இறப்புச் செய்தி என்று எல்லாப் படமும் அவள் கையில்தான் உருவாகும். டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவள் கடை இருந்தது. கீழே நாகூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. அவள் அச்சடித்துக் கொடுக்கும் கண்ணீர் அஞ்சலிப் பேனர்களில்கூட மீன்குழம்பு வாசம் அடிக்கும்.

பேசும்போது அவள் யாருடைய கண்ணையும் பார்க்க மாட்டாள். காதோரம், முடியோரம், தோளோரம் என்று ஓரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் அதை நான் திமிர் என்று நினைத்தேன். இந்த ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. சுருட்டை முடிக்காரர்களை அவளுக்குப் பிடிக்காது. மொட்டைத் தலைக்காரர்களிடம் மட்டும் தனிப் பிரியம். "உங்களுக்கு ஒரு நிமிச வேலதான் அங்கிள்," என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்களும் என்ன வேலை என்று தெரியாமல் சிரித்துவைப்பார்கள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் படத்தைத் திருத்த எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவள் சொல்லிக்கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. மாதாமாதம் ஊழியர்களின் பிறந்தநாள் போஸ்டர் செய்கிற வேலையை யாரோ என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கோ ஒரு படத்தைக் கோணாமல் வெட்டக்கூடத் தெரியாது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொடக்கநிலை வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் பாதி கைப்பேசியில், பின்பாதி கணினியில். "செயலி மாறும், மென்பொருள் மாறும். கண்ணு ஒண்ணுதான். உனக்கு அது இருக்கான்னுதான் தெரியல," என்று என்னிடம் சொன்னாள். அதுதான் எனக்கான வரவேற்புரை.

படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற லேயர் என்றால் என்ன என்று அவள் பாடம் எடுத்த விதத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வகுப்பில் அழகு நிலையம் வைத்திருந்த ஒரு பெண் இருந்தாள், வாயெல்லாம் சிரிப்பு. அவள் படத்தை வாங்கி அக்கா பின்னணியை நீக்கினாள். முடியோரத்தை மென்மையாக்கினாள். பின்னால் பலூன்களை வைத்து, பெயரைப் போட்டு, இனிய பிறந்தநாள் வாழ்த்து என்று எழுதிப் பெரிய திரையில் காட்டினாள். நாங்கள் கைத்தட்டினோம்.

"இப்பப் பாருங்க," என்றாள் அக்கா. ஒரு தட்டு தட்டினாள், பலூன்கள் மறைந்தன. இன்னொரு தட்டு, குத்துவிளக்கு வந்தது. எழுத்தை மாற்றினாள். கண்ணீர் அஞ்சலி. முகம் மட்டும் அப்படியே, அதே சிரிப்போடு.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் அழற? உன் மூஞ்சிய நான் தொடவே இல்ல பாரு," என்றாள் அக்கா. "பலூன எடுத்துட்டு வெளக்க வை. அதான் லேயரு. எல்லாரும் எழுதிக்குங்க."

நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்தப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. அவளுக்கு ஆர்வம் போதாது என்று அக்கா சொன்னாள்.

மற்ற பாடங்களும் இப்படித்தான். இருட்டுப் படத்தில் மொத்த வெளிச்சத்தையும் கூட்டாதே, நிழலை மட்டும் தூக்கு. தோலை ரொம்ப வழிக்காதே, பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஆகிவிடும். வாட்சாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், கோப்பாக அனுப்பு. மூலப் படத்தில் கை வைக்காதே, நகலில் வேலை செய். ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால், திருத்தியதை வைத்துக்கொண்டு பழைய நகலை உடனே அழித்துவிடு. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் வகுப்பில் அவமானப்பட வேண்டும். தோல் பாடத்துக்கு என் முகம்தான் பயன்பட்டது. என் கன்னத்துக் குழிகளைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, இதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று எல்லாரிடமும் கருத்துக் கேட்டாள்.

அப்படியும் ஏன் எல்லாரும் அவளிடமே போனார்கள் என்றால், மற்றவர்கள் செய்ததைப் பார்த்தால் தெரியும். அடையாள அட்டையிலிருந்து கைப்பேசியில் பிடித்த மங்கல் முகத்தை யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கோட்டு சூட்டில் சொருகி வைத்திருப்பார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். வாழ்நாள் முழுக்கக் கைலியோடு திரிந்த மனிதர் செத்த பிறகு டை கட்டிக்கொண்டு முழிப்பார். அக்கா செய்த படத்தில் ஆள் ஆளாகவே இருப்பார். கையில் இருந்த பீர் கிளாஸ் போயிருக்கும், வேறொன்றும் போயிருக்காது.

ஆனால் அவளால் காத்திருக்க முடியாது. அதுதான் அவள். எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே அவள் முடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு கல்யாண ஜோடி தங்கள் வரவேற்புப் பேனரைப் பார்க்க வந்தார்கள். திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனி லேயரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அது எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டான்.

"ஒட்டிட்டா பிறகு பிரிக்கிறது கஷ்டம் தம்பி. ஒருத்தர் மட்டும் வேணும்னு வருவீங்க."

"நாங்க எதுக்குக்கா அப்பிடி வரப் போறோம்?"

"எல்லாரும் வருவாங்க," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். கல்யாணப் பெண் மாப்பிள்ளையின் முகத்தை ஒருமாதிரி பார்த்தாள்.

கோயில் தலைவர் ஒருவர் நெஞ்சு வலியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். அக்கா அன்றைக்கே போஸ்டரை முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள். மனிதர் பிழைத்து வந்துவிட்டார். யாரோ வாய் சும்மா இராமல் அவர் காதில் போட்டுவிட, மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும் ஏறி வந்தார். நாங்கள் வகுப்பில் இருந்தோம்.

"என்னைய கொன்னுட்டியாமே? காட்டு பாப்போம்!" என்று கத்தினார்.

அக்கா மறைக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவருக்கு மூச்சு அடங்கவே நேரமானது. பிறகு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "வலது கன்னம் கொஞ்சம் உப்பலா இல்ல?" என்றார்.

"அது உங்க கன்னம் அங்கிள்," என்றாள்.

அந்த வருடக் கோயில் தேர்தலுக்கு அவர் அதே படத்தில்தான் பேனர் அடித்தார். விளக்கை எடுத்துவிட்டுக் கோபுரத்தை வைத்துக் கொடுத்தாள். ஜெயித்தும் விட்டார்.

இவ்வளவு கல் மனசுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன். பெற்ற தாய் ஒரு படம்கூட இல்லாமல் செத்திருப்பாள், தோட்டத்து வீட்டில் வெள்ளம் புகுந்து படமெல்லாம் போயிருக்கும் என்று என்னென்னவோ கற்பனை செய்தேன். அப்படி ஏதாவது இருந்தால் மன்னிக்கச் சுலபமாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அம்மாவா? தஞ்சோங் காராங்ல தங்கச்சி வீட்டுல இருக்கு. காலையில ரொட்டி சானாய் ரெண்டு திங்குது. என்ன கொற?" என்றாள். "அதுக்குப் படம் ரெடி. பாக்கறியா?"

காட்டினாள். அழகான படம். தேதிக்கு இடம் விட்டிருந்தது.

அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது அந்தச் சமயத்தில்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீடு. நான் ஒரே பிள்ளை. மருத்துவர் என்னையும் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கல்லீரலில் புற்று, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். அம்மா அந்த அறையிலேயே முடிவெடுத்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியக் கூடாது. கல்லுன்னு சொல்லிருவோம். நீ மட்டும் வாயத் தொறந்த, எனக்குப் பொண்ணே இல்ல."

அம்மா முடிவெடுத்தால் முடிவுதான். அப்பாவும் நம்பினார். கல் என்றால் வாழைத்தண்டுச் சாறு குடிக்க வேண்டும் அல்லவா? அம்மா தினமும் வாழைத்தண்டை அரைத்து வடிகட்டிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாள். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "கல்லு கரைஞ்சிக்கிட்டு வருது," என்று பெருமையாகச் சொல்வார். மருத்துவரிடமே கேட்டார், கரைகிறதா என்று. மருத்துவர் அம்மாவைப் பார்த்தார்.

இனி வகுப்புக்கு வர முடியாது என்று சொல்ல அக்காவின் கடைக்குப் போனேன். அப்பாவுக்குக் கல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றேன். "எந்த வார்டு?" என்று கேட்டாள். சொன்னேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். "சரி, போய்ட்டு வா," என்றாள். எந்த வார்டிலிருந்து யார் எப்படித் திரும்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வாரக் கடைசியில் ஒரு பை ஆரஞ்சோடு வந்துவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன். அக்கா பழத்தை வைத்தாள், அப்பாவின் காதோரத்தைப் பார்த்தாள், கைப்பேசியைத் தூக்கினாள்.

"அங்கிள், மேல் பட்டனப் போட்டுக்குங்க."

அப்பா பட்டனைப் போட்டார். போட்ட கையை அங்கேயே வைத்துக்கொண்டார். ஊரில் ஒரு சாவு வீட்டையும் விட்டவர் இல்லை அவர். ஒவ்வொரு வாசலிலும் அவள் செய்த பேனரைப் பார்த்தவர். "எனக்கா மா?" என்றார்.

"அக்கா!" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா அங்கிள்," என்றாள் அக்கா.

"கல்லுன்னாங்க."

"கல்லுக்காரங்கள இந்த வார்டுல போட மாட்டாங்க அங்கிள்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அதுவே போதுமாக இருந்தது. "உங்கம்மா வேலையா?" என்றார். பிறகு, "அத்தன நாளும் என்னைய வாழத்தண்டு குடிக்க வச்சாளே," என்றார். சாகப் போகிறோம் என்பதைவிட அந்தச் சாறுதான் அவரை அதிகமாகச் சுட்டது. ஊரெல்லாம் கல் கரைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்துக் கூசிப்போனார்.

"இந்த மூஞ்சி வேணாம். வேற இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அவளிடம் இல்லாமலா? அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பேனரும் அவள் செய்ததுதான். கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாகத் தோளோடு தோள் நிற்கிற படம். பின்னணியை மாற்றி விளக்கை வைத்தாள். ஒரு தட்டு தட்டி அம்மாவை எடுத்தாள்.

"அவள ஏன் எடுக்கற? வை," என்றார் அப்பா.

"உசுரோட இருக்கறவங்களப் போட மாட்டோம் அங்கிள்."

உண்மைதான். எங்கள் ஊரில் செத்தவரின் பக்கத்தில் நின்றவருடைய தோள் கொஞ்சம் தெரிந்தால்கூட, கெட்ட சகுனம், அழித்துவிடு என்பார்கள். அப்பாவுக்கு அது தெரியாதா என்ன?

"என் சாவு, என் படம். என்னைய முட்டாளாக்குனவதானே? அவளும் கூடவே வரட்டும். ஊரு பாக்கட்டும்," என்றார்.

நாற்பது வருடத்துக்கு மேல் அவளோடு குடும்பம் நடத்திய மனிதர் வாயில் அப்படி ஒரு சாபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் அழுதேன், வேண்டாம்பா என்று காலைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். அக்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு தட்டினாள். அம்மா அப்பாவின் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்றாள்.

"ஓகேவா அங்கிள்?"

"ஓகே."

வெளியே நடைவழியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இதப் பார்த்தா எங்கம்மா செத்தே போயிரும்க்கா," என்றேன்.

"அப்ப அதுக்கும் படம் ரெடியா இருக்கு," என்றாள்.

கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் கெஞ்சினேன். வாடிக்கையாளர் ஓகே சொன்ன பிறகு ஒரு புள்ளிகூட மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் விடவில்லை. மறுநாள் கடைக்கே போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் தொல்லை தாங்காமல், கணினிக்கு மாற்றியிருந்த படத்தில் என் கண் முன்னாலேயே அம்மாவின் லேயரை அணைத்துச் சேமித்தாள். "போதுமா? கெளம்பு," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா தனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. நீயும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் அம்மா சாறு கொண்டுவந்தபோது வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். அதன் பிறகு சாகும்வரை அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "வலி போலிருக்கு, பாவம்," என்று அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். ஒருவரின் பொய்யையும் மற்றவரின் மௌனத்தையும் சுமந்துகொண்டு நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படம் மட்டும் அம்மா கண்ணில் படக் கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதலாக இருந்தது.

ஒரு மத்தியானம் அப்பா போய்விட்டார். வார்டில் துப்புரவு வேலை செய்த பெண் அக்காவிடம் படித்தவள். அவள் மூலம் உடனே செய்தி போயிருக்கிறது. அக்கா அப்போது ரவாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தாள். கடைக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். அவளா பொறுப்பாள்? கைப்பேசியில் இருந்ததை எடுத்தாள், தேதியைப் போட்டாள், தன் பட்டியலில் இருந்த அத்தனை வாட்சாப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

அம்மாவின் லேயரை அணைத்த படம் கணினியில் இருந்தது. கைப்பேசியில் இருந்தது அப்பா ஓகே சொன்ன படம். பழையதை உடனே அழித்துவிடு என்று எங்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவள், தன்னுடையதை அழிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு நாங்கள் நகர்வதற்குள் என் அலுவலகத் தோழி அழைத்தாள். "ரெண்டு பேருமா? ஆக்சிடென்டா?" என்று அழுதாள். அக்காவை அழைத்து, எடுத்துத் தொலையுங்கள் என்று கத்தினேன். எடுத்தாள், சரியான படத்தையும் அனுப்பினாள். ஆனால் அதற்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. "போனது போயிருச்சு தங்கச்சி. அங்கிள் ஓகே பண்ணது அதுதானே," என்றாள். அன்றைக்கு அவளை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

வீட்டுக்குக் கூடாரம் வந்தது, நாற்காலி வந்தது, அப்பா பெட்டியில் வந்தார். கோயில் நிர்வாகத்தினர் இரண்டு மாலைகளோடு வந்தார்கள். ஒன்றை அப்பாவுக்குப் போட்டார்கள். இன்னொன்றை வைத்துக்கொண்டு, பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். கடைசியில் அதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு நழுவினார்கள். அந்த நாற்காலியில் பிறகு யாரும் உட்காரவில்லை.

அம்மாவின் தங்கை சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்து இறங்கினார். வாசலிலேயே தலைவிரி கோலமாக, "அக்கா, என்னைய தனியா வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாரடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அடியே, நான் இங்கதான்டி இருக்கேன்," என்றாள் அம்மா. "அழறதா இருந்தா அத்தானுக்கு அழு."

சின்னம்மா அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த கைப்பேசியை வாங்கினாள். நான் பிடுங்கப் போனேன், அம்மா பார்த்த பார்வையில் கை பின்வாங்கியது. படத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் முகத்தின் மீது விரலை வைத்து மறைத்தாள், எடுத்தாள், மறுபடி மறைத்தாள்.

"என்னைய யாரு போடச் சொன்னது?" என்றாள்.

அக்கா அப்போதுதான் அப்பாவின் பேனரைக் கூடாரக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் அப்பா மட்டும்தான் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அங்கிள்தான் ஆண்ட்டி. நீங்க கல்லுன்னு பொய் சொன்னீங்கல்ல, அதுக்கு."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தெரிஞ்சுதான் அந்தச் சாற குடிச்சாரா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அம்மா விழுந்துவிடுவாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. தாலி, பூ, பொட்டு எல்லாவற்றையும் எடுப்பதற்காகப் பெண்கள் தண்ணீர்ச் செம்போடு அம்மாவைச் சூழ்ந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். கையில் கைப்பேசி.

"ஆண்ட்டி, ஒரே நிமிசம். பொட்டு இருக்கும்போதே ஒண்ணு எடுத்து வச்சுக்கறேன். பிறகு நான் வரைஞ்சாலும் இயற்கையா இருக்காது."

பெண்கள் கொதித்துவிட்டார்கள். சின்னம்மா செருப்பைத் தேடினார். நான் அவளை வெளியே தள்ளப் போனேன். அம்மா கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். முந்தானையைச் சரி செய்தாள். நெற்றிப் பொட்டை விரலால் தொட்டு, கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கூடாரத்துக்கு வெளியே வெயில் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அக்கா எடுத்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், திரையை அம்மாவிடம் காட்டினாள்.

"ஓகேவா ஆண்ட்டி?"

"ஓகே," என்றாள் அம்மா. "என்னோடதுல அவரப் போட்டுடாத."